ஒன்பதாம் நம்பர் காட்டில் எத்தனை சுற்று

என் பேர் சின்னையா, எழுபத்து மூன்று வயது. தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிஷன் கங்காணியாக இருபத்தொரு வருடம் இருந்தேன். இப்போது மலை ஊரான தானா ராத்தாவில் மகள் சாந்தினி வீட்டில் சாப்பிடுகிறேன். மகள் வீட்டில் சாப்பிடுகிறவன் அதிகம் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மருமகன் கேட்டார், பேசினேன். பேசியதில் பாதி பொய்.

மருமகன் தர்மேந்திரன் கோலா தெர்லாவில் முட்டைக்கோசு போட்டவர் மகன். பிரிஞ்சாங்கில் இருக்கிற ஓட்டல்களுக்கு ஹீட்டர், வயரிங் எல்லாம் பார்க்கிறார். நாற்பத்து நாலு வயது. அப்படிப்பட்ட ஆள் துணி அலமாரியில் துணியை ஓரம் தள்ளிவிட்டு முப்பத்தொரு பெட்டி விளையாட்டுச் சாமான் வைத்திருந்தார். முதல் வாரம் நான் சூது என்றுதான் நினைத்தேன். சீட்டு இருந்தது, பகடை இருந்தது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆள் வந்தது. வேறென்ன நினைப்பது? சமையல்கட்டு ஓரமாக நின்று காது கொடுத்தேன். ஒரு சென் காசு கூடக் கை மாறவில்லை. அதற்கப்புறம் எனக்குச் சந்தேகம் அதிகமானதே தவிரக் குறையவில்லை. வளர்ந்த மனுசர்கள் காசில்லாமல் நாலு மணி நேரம் மரக்கட்டையை நகர்த்துகிறார்கள் என்றால் அதில் வேறு ஏதோ இருக்கிறது.

மேல்தட்டில் நாலு பெட்டி தனியாக இருக்கும். அவை அவருக்கு உயிர். ஒன்றில் ஒரு தீவு. ஆடு, கோதுமை, செங்கல் என்று ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டு வீடு கட்ட வேண்டும். ஒன்றில் ரயில் பாதை போடவேண்டும். ஒன்றில் கரண்டு நிலையத்தை ஏலம் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே விவசாயப் பெட்டி. உழுது, விதைத்து, அறுத்து, கடைசியில் வீட்டு ஆட்களுக்குச் சோறு போட்டே தீரவேண்டும். போடாதவனுக்குப் பிச்சைச் சீட்டு.

ஒருநாள் அவர் அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுல தாயம் மாதிரி அதிர்ஷ்டம் கெடையாது மாமா. ஒரு எடத்துல உங்க ஆள வச்சிட்டீங்கன்னா அந்த எடம் போச்சு. எனக்குக் கெடைக்காது. யாருக்கு எது கெடைக்காதுங்கிறதுதான் ஆட்டமே."

"அது பெரட்டுலா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

பெரட்டு என்றால் விடியற்காலை தோட்டத்துக் களத்தில் எல்லாரும் வந்து நிற்பது. கங்காணி பேர் கூப்பிடுவான். நீ இந்தக் காட்டுக்கு, நீ அந்தக் காட்டுக்கு என்பான். அவன் வாயில் வந்ததுதான் அன்றைக்கு உங்கள் பிழைப்பு. ரோட்டோரச் சமவெளியில் கத்திரி போட்டால் கொழுந்து மூட்டையாக விழும். மேட்டுக்காட்டில் கால் நிற்கவே பாதி நேரம் போய்விடும்.

இதை நான் விளக்கியதும் மருமகன் துணியைக் கீழே போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்குப் பைத்தியம் பிடித்தது. சொந்தமாக ஒரு தேயிலைத் தோட்ட ஆட்டம் செய்யப்போகிறேன் என்றார். சொந்தமாக ஆட்டம் செய்கிறவர்கள் எல்லாரும் ஆகஸ்டு மாதம் ஈப்போவில் கூடுவார்களாம். அச்சடிக்கிற கம்பெனி ஆள் கோலாலம்பூரிலிருந்து வருவாராம். ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் எடுப்பாராம்.

"இருபது வருசமா அடுத்தவங்க செஞ்சத ஆடிட்டேன் மாமா. ஒண்ணாவது நான் செஞ்சதுன்னு இருக்கணும்," என்றார்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் எதிரே உட்கார்ந்தார். என் அனுபவத்தில் நோட்டை எடுக்கிறவன் நல்லதுக்கு எடுத்ததில்லை. யூனியன்காரன் எடுத்தான், லேபர் ஆபீஸ்காரன் எடுத்தான், தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி எடுத்தான். மூன்று பேரும் ஆளுக்கொரு விதத்தில் என் கழுத்துக்குத்தான் வந்தார்கள்.

"யார எந்தக் காட்டுக்கு அனுப்பறதுன்னு எப்படி மாமா முடிவு பண்ணுவீங்க?"

"மொற வச்சுத்தான். இன்னிக்கு ஒன்பதாம் நம்பர் மேட்டுக்குப் போறவ நாளைக்கு ரோட்டோரம். நாளைக்கு ரோட்டோரம் நிக்கிறவ மறுநாள் மேட்டுக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது."

அவர் பயபக்தியோடு எழுதினார். அதைச் சொன்னபோது நான் எனக்கே நல்ல ஆளாகத் தெரிந்தேன். அதுதான் அசிங்கம்.

அப்புறம் ஒரு போட்டோ கேட்டார். கங்காணிச் சீட்டில் படம் போட வேண்டுமாம். மகேன் வரைவானாம். மகேன் பிரிஞ்சாங்கில் கடைப் பலகை எழுதுகிற பையன். பையன் என்றாலும் முப்பத்தைந்து வயது. கீழ் டிவிஷன் கங்காணி திருச்செல்வத்தின் மகன். எங்கள் தோட்டத்தில் இருந்ததே இரண்டு கங்காணிதான், மேலே நான், கீழே திருச்செல்வம். அவர் செத்து ஆறு வருடம் ஆகிறது.

"என் மூஞ்சி எதுக்கு? நாளைக்கு எவனாவது கொண்டுபோயி எதுலயாவது போடுவான். அதெல்லாம் வேணாம்," என்றேன்.

"பெரியப்பாவுக்குப் பயம்லா," என்று மகேன் சிரித்தான். "அப்ப எங்கப்பாவ வரைஞ்சிடறேன் அண்ணே. அவரு மீசைக்கே தனியா ஒரு பாயிண்டு தரலாம்."

நன்றாகத்தான் வரைந்தான். தொப்பி, மீசை, கையில் பிரம்பு இல்லாமல் ஒரு குடை. திருச்செல்வம் அப்படியேதான் நிற்பார்.

ஜூன் மாதம் ஆட்டம் மேசைக்கு வந்தது. பலகையில் பத்துக் காடு. ஆளுக்கு நாலு மர மனுசர். ஒரு சுற்று என்பது ஒரு மாதம், மொத்தம் பன்னிரண்டு சுற்று. ரோட்டோரக் காட்டில் நின்றால் மூன்று பச்சைக் கட்டை, ஒன்பதாம் நம்பரில் நின்றால் ஒன்று. தர்மேந்திரன், சாந்தினி, மகேன், ரூபினி என்று நாலு பேர் ஆடினார்கள். ரூபினி தானா ராத்தாவில் மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண். மருமகனுக்குக் கோலா தெர்லாவில் பக்கத்து வீடு. அவள் வாய் இருக்கிறதே, மருந்துக் கடையில் அதையும் பாட்டிலில் அடைத்து விற்கலாம்.

பன்னிரண்டு சுற்று முடிந்து எண்ணினார்கள். நாலு பேருக்கும் இருபத்தெட்டுப் புள்ளி.

"அண்ணே, இது ஆட்டமா, ட்யூட்டி ரோஸ்டரா?" என்றாள் ரூபினி.

அடுத்த ஞாயிறு மருமகன் மழைச் சீட்டுச் சேர்த்தார். அதற்கடுத்த ஞாயிறு புழு, மண்சரிவு. எல்லாருக்கும் சமமாக மழை பெய்தது, சமமாகப் புழு விழுந்தது, சமமாக மண் சரிந்தது. சாந்தினி ஆடிக்கொண்டே கொட்டாவி விட்டாள்.

"கொழுந்து வெட்டறது அவ்ளோதான் போல," என்றாள் ரூபினி, தன் மர ஆளை ஒன்பதாம் நம்பரில் வைத்துவிட்டு. "எங்கம்மாவும் உங்க தோட்டத்துலதான் இருந்தாங்க அங்கிள். அவங்களுக்குக் கத்திரி சரியா புடிக்க வராதாம். மேடு ஏற முடியலன்னு விட்டுட்டு காய்கறித் தோட்டத்துக்கு வந்துட்டாங்களாம். நான் அப்ப சின்னப் புள்ள. நான் ஒரு சோம்பேறின்னு அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க."

"அம்மா பேரு?"

"பாஞ்சாலை. ஞாபகம் இருக்கா?"

"நெறைய பேரு இருந்தாங்கம்மா," என்றேன். எழுந்து வெளி வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

ஞாபகம் இருக்கிறது. இரண்டு டிவிஷனிலும் சேர்த்துப் பாஞ்சாலையை அடிக்க ஆள் கிடையாது. அவள் கத்திரி போட்டுப் போன நிரை சீப்பு வைத்து வாரின மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவளை ஒன்பதாம் நம்பருக்கு அனுப்பினேன். மறுநாளும் அனுப்பினேன். மாதக்கணக்கில் அங்கேயே நிறுத்தினேன். கடைசியில் அவள் வேலையை விட்டாள். வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விடவேண்டும். கைக்குழந்தையும் சட்டி பானையுமாகக் காய்கறி லோரியில் ஏறிப் போனாள். அந்தக் குழந்தைதான் உள்ளே உட்கார்ந்து என் மருமகனைக் கிண்டல் செய்கிறது. அம்மாவைச் சோம்பேறி என்று நம்பிக்கொண்டு.

பாஞ்சாலை ஏன் அப்படிச் சொல்லி வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாயும் இல்லை.

ஆகஸ்டு நெருங்கியது. மருமகன் ஆள் இளைத்துவிட்டார். ஒரு மாலையில் பலகையை மடித்து அலமாரியின் அடியில் வைத்தார்.

"ஈப்போவுக்குப் போகலப்பா அவரு," என்றாள் சாந்தினி என்னிடம். "எட்டு மாசம். அந்தக் கட்டைய எல்லாம் அவரே உக்காந்து அறுத்தாரு."

"எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முடியல மாமா," என்றார் அவர். "நீங்க சொன்னதெல்லாம் சரியாத்தான் எழுதி வச்சிருக்கேன். அத ஆட்டமாக்கத் தெரியல எனக்கு. தப்பு எங்கிட்டதான்."

என் பொய்யை வைத்துக்கொண்டு தன்னைத் தானே நொந்துகொள்கிறார். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் பாதியைச் சொன்னேன்.

"எல்லாக் கங்காணியும் மொற வைக்கல மாப்பிள்ளை. அந்தக் காலத்துல சில பேரு... தனக்கு வேண்டியவங்கள ரோட்டோரம் விடுவாங்க. கோழி கொண்டு வந்து குடுத்தா நல்ல காடு. எதுத்துப் பேசினா ஒன்பதாம் நம்பர். எறங்கவே விட மாட்டாங்க."

அவர் நிமிர்ந்தார். "யாரு மாமா?"

"பேரு எதுக்கு? செத்தவங்க."

அவர் நான் சொன்னதில் பாதியைத்தான் கேட்டிருப்பார். அதற்குள் பலகையை மறுபடி விரித்துவிட்டார். அந்த ஞாயிறு வந்தவர்களுக்கு வாயாலேயே புது விதியைச் சொன்னார். சுற்றுக்கு ஒருவர் கங்காணி. மற்றவர்களுடைய ஆட்களை அவர்தான் வைப்பார். மஞ்சள் கட்டை கோழி. கொடுத்தால் இடம் கிடைக்கும். பிடிக்காதவன் ஆளின் கழுத்தில் கறுப்பு வளையம் மாட்டினால் அவன் ஒன்பதாம் நம்பரை விட்டு இறங்க முடியாது.

வீடு இரண்டானது.

"ரெண்டு கோழி தரேன் கங்காணி, என்னய கீழ எறக்குங்க!"

"மகேனு மூணு தரேங்கிறான். ஒன் கோழி நோஞ்சான் கோழி, ரூபினி."

"அலாமாக்! லஞ்சத்துக்கே ஏலமா?"

"ஒழுங்கா பேசு. கங்காணிகிட்ட பேசற."

சாந்தினி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ரூபினி ஒரு புள்ளியில் ஜெயித்து நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டாள். இதுதான் ஈப்போவுக்கு, இதுதான் என்று மருமகன் மேசையைத் தட்டினார். நான் ஓரமாக உட்கார்ந்து மைலோ குடித்தேன். என் இருபத்தொரு வருடம் மேசை மேல் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேருக்கும் அது எவ்வளவு சுலபமாக வந்தது! யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

ஈப்போவுக்கு இரண்டு வாரம் இருந்தது. அடுத்த ஞாயிறு மதியம், சீட்டுகளைக் கெட்டி அட்டையில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார் மருமகன். மேசையில் பரப்பினார். மகேன் ஒவ்வொன்றாக எடுத்து நிறம் சரியா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு வந்தான். கங்காணிச் சீட்டு வந்ததும் அவன் கை நின்றது.

மேலே அவன் அப்பா, குடையோடு. கீழே எழுத்து. அவன் சத்தமாக வாசித்தான்: "கோழி கொடுத்தவருக்கு நல்ல காடு. பிடிக்காதவரை ஒன்பதாம் நம்பரில் நிறுத்தலாம்."

"ஆமா, அது புது ரூல்தானே," என்றார் மருமகன்.

"தெரியும் அண்ணே. போன வாரம் நான்தான அதிகமா கோழி வாங்கினேன்." அவன் சீட்டை வைக்கவில்லை. "மாமா சொன்னாருன்னீங்க. செத்துப்போன கங்காணின்னு."

மருமகன் அப்போதுதான் கணக்குப் போட்டார். எனக்கு அவர் முகத்தில் அது ஓடுவது தெரிந்தது. தோட்டத்தில் இரண்டே கங்காணி. ஒருவன் நாற்காலியில் இருக்கிறான்.

"பெரியப்பா," என்றான் மகேன். "எங்கப்பா இப்படியா செஞ்சாரு?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் கொஞ்சமாவது மானம் மிஞ்சியிருக்கும். "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படி இப்படித்தான்டா," என்றேன். "இப்ப அத எதுக்குக் கெளறிக்கிட்டு?"

மகேன் தலையை ஆட்டினான். சண்டை போடவில்லை. அந்தச் சீட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். பேனாக்களை ஒவ்வொன்றாக மூடித் துணிப் பையில் போட ஆரம்பித்தான்.

"நான் வரையலண்ணே. வேற யாரயாச்சும் வச்சுக்குங்க. கோவிச்சுக்காதீங்க."

"டேய், மூஞ்சிய மாத்திடலாம்டா. வேற ஆளு வரைஞ்சிடு."

"மூஞ்சிய மாத்தலாம். எனக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதானே." அவன் இன்னொரு பேனாவை மூடினான். "அவரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப பழைய ஆளுங்க எத்தன பேரு பஸ் புடிச்சு வந்தாங்க. மரியாதைன்னு நெனச்சேன். பயத்துலயா வந்தாங்க?"

அதை என்னால் தாங்க முடியவில்லை. நல்லவன் என்பதால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் அந்தக் கேள்வியோடு படியிறங்கிப் போனால் நான் அந்த வீட்டில் மறுபடி சோறு தின்ன முடியாது. அவ்வளவுதான்.

"ஒங்கப்பா இல்லடா. நான்."

பேனாப் பைக்குள் அவன் கை அப்படியே கிடந்தது.

"மொற வச்சு அனுப்பினது ஒங்கப்பா. மாப்பிள்ளை மொதல்ல எழுதினாரே, எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு, அது கீழ் டிவிஷன். அத நான் என்னுதுன்னு சொன்னேன். கோழி, மேடு எல்லாம் மேல் டிவிஷன். அது நான்."

சாந்தினி சமையல்கட்டு வாசலில் ஈரக் கையோடு நின்றாள்.

"தீபாவளிக்கு நம்ம வீட்டுல கட்டிக் கெடக்குமே கோழி," என்றாள். "பத்து, பன்னெண்டு. அதெல்லாம் அதுதானாப்பா?"

"ஆமா."

"நான் அதுக்கெல்லாம் பேரு வச்சு வெளையாடுவேன்," என்றாள். உள்ளே போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் வேகமாகக் கொட்டியது.

மருமகன் நோட்டைத் திறந்தார். எனக்கு அது முதலில் கொடுமையாகப் பட்டது. ஆனால் அந்த மனுசனுக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை போல. மாமனாரைப் பார்த்து ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எந்த மருமகன் கேட்பான்? விதியைக் கேட்டார்.

"ஒருத்தர மேட்டுக்கு அனுப்பணும்னா என்ன காரணம் வேணும் மாமா?"

"காரணம் வேணாம்."

"ஏதாச்சும் இருக்கும்ல. ஒருத்தரச் சொல்லுங்க. உண்மையா நடந்தது."

நான் ரூபினியைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துச் சொன்னேன். "ஒருத்தி சிரிச்சா. துரை ஒரு நோட்டீஸ் குடுத்தாரு, மலாய்ல. பெரட்டுல வாசிக்கச் சொன்னாரு. எனக்கு அவ்வளவா வாசிக்க வராது. லீவு புதன்கிழமைன்னு சொல்லிட்டேன். அதுல வியாழக்கிழமைன்னு போட்டிருந்துச்சு. அவ பள்ளிக்கூடத்துல பாரம் மூணு வரைக்கும் படிச்சவ. முன்னால நின்னதால அவ கண்ணுல பட்டிருச்சு. 'கங்காணி, தாள தலைகீழா புடிச்சீங்களா?'ன்னு கேட்டுச் சிரிச்சா. களமே சிரிச்சுச்சு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"எத்தன தடவ சிரிச்சாங்க?"

"ஒரு தடவ."

அவர் எழுதினார். "அவங்க கோழி குடுத்திருந்தா எறக்கி விட்டிருப்பீங்களா?"

"விட்டிருப்பேன். அவ குடுக்கல. காலைல பேரு கூப்பிடறப்ப என்னய நேரா பாப்பா. அதுக்காகவே மறுபடி ஒன்பதுன்னுவேன்."

"மத்தவங்க யாரும் கேக்கல?"

"கேட்டா அவங்களும் ஒன்பதுதானே. ஒங்கப்பா ஒருத்தரு கேட்டாரு மகேனு. என் டிவிஷன்ல தலையிடாதேன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு வருசம் நாங்க பேசிக்கல."

மகேன் பையிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அந்த வளையத்த எத்தன சுத்து வரைக்கும் மாட்டி வைக்கலாம் மாமா? இது ரூலுக்கு வேணும். நான் மூணு சுத்துன்னு போட்டிருக்கேன்."

"பதினொண்ணு."

அவர் பேனாவை நிறுத்தினார். "மாமா, ஆட்டமே பன்னெண்டு சுத்துதான். பதினொண்ணு மேட்டுலயே நின்னா அந்த ஆளு ஆட்டத்துல இல்லாத மாதிரி."

"இல்லாத மாதிரிதான்."

"அப்படி ஒரு ரூல் போட்டா யாரும் ஆட மாட்டாங்க."

"அவளும் ஆடல மாப்பிள்ளை. போயிட்டா."

அப்போதுதான் ரூபினி பேசினாள். அவள் வாயை நான் அத்தனை வாரம் கேட்டிருக்கிறேன். இந்தக் குரலைக் கேட்டதில்லை.

"அவங்க எங்க போனாங்க அங்கிள்?"

"கோலா தெர்லாவுக்கும்மா."

"அவங்க எத்தன கிலோ வெட்டுவாங்க?"

"நல்ல காட்டுல நூத்திப்பத்து. சில நாள் அதுக்கும் மேல. ரெண்டு டிவிஷன்லயும் அவதான் மொத ஆளு. கத்திரிய அவ மாதிரி புடிச்சு நான் பாத்ததில்ல. ஒங்கம்மா சோம்பேறி இல்லம்மா. ஒரு நாளும் இல்ல."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அவளுக்கும் அது தெரிந்திருக்கும் போல. கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். மறுபக்கம் லோரிச் சத்தமும் யாரோ மலாயில் கத்துவதும் கேட்டது.

"என்னடி? கோஸ் ஏத்திக்கிட்டிருக்கோம், சீக்கிரம் சொல்லு," என்றது பாஞ்சாலையின் குரல். இருபத்தெட்டு வருடத்துக்கு அப்புறம் கேட்கிறேன். கொஞ்சமும் மாறவில்லை.

"அம்மா, தோட்டத்துல நீ ஒரு நாளைக்கு எத்தன கிலோ வெட்டுவ?"

"இப்ப எதுக்கு அது? ஏதோ வெட்டினேன். ஒன் அம்மா லட்சணம் ஒனக்குத் தெரியாதா?"

"நூத்திப்பத்துன்னு சின்னையா கங்காணி சொல்றாரு."

லோரி மட்டும் இரைந்தது.

"அந்த ஆளு பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"ஸ்பீக்கர அமத்து."

ரூபினி கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனாள். ஜன்னல் கண்ணாடி வழியே அவள் முதுகு தெரிந்தது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒருமுறை இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகேன் தண்ணீர் குடித்தான். மருமகன் கறுப்பு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். மன்னிப்புக் கேட்க என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். வந்ததெல்லாம் அந்தக் காலத்தில், அந்தக் காலத்தில் என்றே ஆரம்பித்தது.

ரூபினி திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். என்னைத் தாண்டி மருமகனைப் பார்த்தாள்.

"பதினொண்ணு இல்லையாம் அண்ணே. பதினாலாம்."

பதினொன்று என்று நான் நிச்சயமாகத்தான் சொன்னேன். இருபத்தொரு வருடம் நூற்று நாற்பது பேரை வாயாலேயே கணக்கு வைத்தவன் நான். எந்தக் காட்டில் எவள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மறந்தேனா, இல்லை இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் மூன்று மாதத்தை எனக்காகக் குறைத்துக்கொண்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் கணக்கில் தப்பு இருக்காது. ஏறினவள் அவள்.

"வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்குன்னு ஒண்ணும் சொல்லல அங்கிள்," என்றாள் ரூபினி.

மருமகன் பதினொன்றை அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினார். எழுதிவிட்டு மகேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இத ஈப்போவுக்குக் கொண்டு போகலாமா? நீங்க ரெண்டு பேரும் வேணாம்னா நான் போகல. சத்தியமா."

"எங்கப்பா படத்த வேற சீட்டுக்கு வைக்கணும்," என்றான் மகேன். "மொற வைக்கிற கங்காணின்னு ஒண்ணு தனியா வேணும். ஆட்டத்துல அதால ஜெயிக்க முடியாதுன்னாலும் பரவால்ல."

"சரிடா. நீ ரூபினி?"

"கொண்டு போங்க. ஆனா பதினாலு இருக்கணும். மூணுன்னு போட்டீங்கன்னா நான் வரமாட்டேன்."

"பதினாலு போட எடமில்லம்மா. ஆட்டம் பன்னெண்டு சுத்துதானே."

"அப்ப ஆட்டத்த நீட்டுங்க," என்றாள்.

அவர் ஸ்கேலை எடுத்துப் பன்னிரண்டாவது கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கோடு கிழிக்க ஆரம்பித்தார். பலகையில் அந்த ஓரம் தீர்ந்துவிட்டது. மகேன் ஒரு துண்டு அட்டையை வெட்டிப் பசை தடவி அங்கே ஒட்டினான். ரூபினி அது காயும்வரை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என்னை யாரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பதின்மூன்று, பதினாலு என்று கட்டத்தில் எண் விழுவதைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.